பெரிய எழுத்து பைபிள்: அச்சு அருமை, நடுவில் போட்ட தலைப்புகள்தான் தொல்லை

கண்ணாடியை மாற்றிப் பார்த்தும் என் பழைய பைபிளின் பொடி எழுத்து பிடிபடவில்லை. அதனால்தான் இலங்கை மலைநாட்டில் எங்களுக்குப் பக்கத்து டவுனான ஹட்டனுக்குப் போய் இந்தப் பெரிய எழுத்துப் பதிப்பை வாங்கினேன். தமிழ்நாட்டில் அச்சாகி இங்கே வருகிறது. பழைய திருப்புதல், பக்கத்துக்கு இரண்டு பத்தி, ஓரத்தில் ஒத்தவாக்கியங்கள் (அதோடு தொடர்புள்ள மற்ற வசனங்களின் குறிப்பு), கடைசியில் தலைப்புவாரியாக வசனங்களைக் காட்டும் ஒரு பொருள் அட்டவணை, ஜிப் வைத்த உறை. இதே அமைப்பில் வேறு சிலரும் அச்சிடுகிறார்கள். அதனால் பதிப்பாளர் பெயரைவிட எதையெதைப் பார்த்து வாங்குவது என்று சொல்வதுதான் உபயோகம்.

விலையைத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கில் சொல்கிறேன்: நாலைந்து பேர் போட்ட காசு. மலைநாட்டுக்கு வெளியே வாசிப்பவர்களுக்காக: ஒரு நாள் முழுச் சம்பளத்தை இங்கே ஒரு பேர் என்போம். 2024-ல் அது 1,350 ரூபாய் ஆனது. 2022-ல் ரூபாய் விழுந்ததிலிருந்து இந்தியாவிலிருந்து வரும் எந்தப் புத்தகமும் மலிவில்லை, பைபிளும் அப்படித்தான். கொழுந்து எடுக்கிற ஒருத்தி யோசித்துத்தான் வாங்க வேண்டிய விலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறேன். புதன்கிழமை இரவு லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். வாசிப்பது என் பொறுப்பு. ஒரே பல்பு, அதன் கீழே பத்துப் பதினைந்து பேர், அடுப்புப் புகை வேறு. என்னுடைய பரிசோதனை முழுவதும் அந்த வெளிச்சத்தில்தான் நடந்தது.

எழுத்து நன்றாக இருக்கிறது. தடித்த கறுப்பு, ஒவ்வொரு வசனமும் தனி வரியில் தொடங்குகிறது, எண் தெளிவாகத் தெரிகிறது. வாசித்துக்கொண்டே நிமிர்ந்து ஆட்களைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்தால் விட்ட இடம் உடனே கிடைக்கிறது. சத்தமாக வாசிப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அடித்திருக்கிறார்கள். பகலில் அழகு. லயத்துப் பல்பில் அந்தச் சிவப்பு மங்கி ரோஸாகிவிடுகிறது, மலைப் பிரசங்கத்தை மனப்பாடத்தில்தான் பாதி சொல்லவேண்டியிருக்கிறது. முழுக்கக் கறுப்பில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். காகிதம் மெல்லிசு, பின்பக்கத்து எழுத்து லேசாகத் தெரியும். இத்தனை பெரிய எழுத்தில் 66 புத்தகத்தையும் ஒரே கட்டுக்குள் அடக்க வேறு வழியில்லைதான்.

இப்போது ஈரம். மஸ்கெலியாவில் மே கடைசியில் தொடங்குகிற மழை செப்டம்பர் வரை விடாது. அலமாரித் துணியே பூத்துப்போகும் ஊர். இந்த ரெக்சின் உறையில் முதல் மழைக்காலத்திலேயே வெள்ளையாகப் பூஞ்சணம் வந்துவிட்டது. துடைத்தால் போகிறது, திரும்பவும் வருகிறது. ஜிப் துருப்பிடித்து இறுகிவிட்டது, மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஓட்டுகிறேன். பக்கங்கள் ஓரத்தில் கொஞ்சம் சுருண்டாலும் கட்டு விடவில்லை, ஏனென்றால் இது நூல் கட்டு. கடையிலேயே நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். மடிப்புக்குள் நூல் தெரிந்தால் வாங்கலாம். வெறும் பசை என்றால் இரண்டு மழைக்குமேல் தாங்காது, ஆதியாகமம் முதலில் கழன்று விழும். ஜிப் இல்லாத கெட்டி அட்டை கிடைத்தால் இன்னும் நல்லது.

மொழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1871-ல் முழுமையாக வெளிவந்த திருப்புதலின் வழி வந்த அதே வாசகம். வயதானவர்கள் வாசிக்காமலே கூடச் சொல்வார்கள். இளம் பிள்ளைகள் அர்த்தம் கேட்பார்கள். அவர்களுக்கு 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் லேசாக இருக்கும். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

சரி, தலைப்பில் சொன்ன தொல்லைக்கு வருகிறேன்.

இந்தப் பதிப்பில் அதிகாரங்களுக்கு நடுநடுவே தடித்த எழுத்தில் சிறு தலைப்புகள் சேர்த்திருக்கிறார்கள். மூலத்தில் இல்லாதவை, வாசகர் வசதிக்காகப் பதிப்பாளர் போட்டவை. பல இடங்களில் உதவியாகவே இருக்கின்றன. ஆனால் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதின நிருபத்தின் 5-ம் அதிகாரத்தில் போட்ட ஒரு தலைப்பு எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ஆறாம் வசனத்தோடு ஒரு பகுதி முடிகிறது. ஏழாம் வசனத்துக்கு மேலே பொறுமை என்று புதுத் தலைப்பு, அதற்கு மேலே ஒரு வரி இடைவெளி. பார்ப்பவர்கள் அங்கிருந்துதான் வாசிக்கத் தொடங்குவார்கள். பயிரிடுகிறவன் முன்மாரியும் பின்மாரியும் வரும்வரை காத்திருப்பதுபோல நீங்களும் பொறுமையாயிருங்கள் என்று வரும் அந்த வசனம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கே சபைச் சுவர்களிலும் கல்யாண அட்டைகளிலும்கூட உண்டு.

இடைவெளிக்கு மேலே என்ன இருக்கிறது? பணக்காரரைப் பார்த்து அழுது அலறச் சொல்கிறார் யாக்கோபு. வயலை அறுத்த வேலைக்காரரின் கூலியை நீங்கள் அநியாயமாய்ப் பிடித்துவைத்தீர்கள், அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களின் கூப்பாடு சேனைகளுடைய கர்த்தரின் செவியில் பட்டுவிட்டது என்கிறார். நாலாம் வசனம். இதைச் சொல்லிவிட்டுத்தான் பொறுமையைப் பேசுகிறார். இரண்டு வசனம்தான் நடுவில்.

மற்ற ஊரில் இது சின்ன அச்சு விவகாரமாகத் தெரியலாம். மலைநாட்டில் அப்படி இல்லை. பொறுமை என்ற சொல்லை நாங்கள் நிறையக் கேட்டு வளர்ந்தவர்கள். தோட்டங்களில் சுவிசேஷம் சொல்ல 1854-ல் தொடங்கிய அமைப்புக்கே தமிழ்க் கூலி மிஷன் என்றுதான் பெயர். அந்த மிஷனால் பள்ளிக்கூடம் வந்தது, எழுத்து வந்தது, அதை மறுக்க மாட்டேன். கூடவே, அடங்கியிருப்பது பக்தி என்ற எண்ணமும் எங்கள் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 1948 சட்டத்தில் எங்கள் தாத்தாமாரின் குடியுரிமை போனது. 1964-ல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003 சட்டத்தோடுதான் வழி பிறந்தது. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டது 2015-ல், கையில் கிடைத்தது 2021-ல். இத்தனைக்கும் நடுவே பொறுமையாயிருங்கள் என்று சொல்லாதவர் யார்? துரை சொன்னார், கங்காணி சொன்னார், தொழிற்சங்கத்தில் சொன்னார்கள், பிரசங்க மேடையிலும் சொன்னார்கள். ஏழாம் வசனத்தைச் சொன்னவர்களில் நாலாம் வசனத்தைச் சொன்னவர்கள் குறைவு. அச்சிலும் அதே வேலையைச் செய்து ஒரு இடைவெளியும் விட்டால் எனக்குக் கோபம் வராதா?

கூட்டத்தில் நான் தலைப்பை வாசிப்பதில்லை. முதல் வசனத்திலிருந்து பதினோராம் வசனம்வரை ஒரே மூச்சில் வாசித்தேன். மேட்டு லயத்து அக்கா ஒருவர், கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆனவர், கையை நீட்டி நிறுத்தினார்.

"டீச்சர், இது நெசமாவே இதுல இருக்கா? இல்ல நீங்களா சேத்து வாசிக்கிறீங்களா?"

பைபிளைத் திருப்பிக் காட்டினேன். அவருக்கு அந்த எழுத்து கண்ணாடி இல்லாமலே தெரிந்தது (பெரிய எழுத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் தேவையில்லை). விரலை வைத்துக் கூட்டிக்கூட்டி வாசித்துவிட்டு, "குறைஞ்ச கிலோவுக்கு அரைப் பேர் போட்டானே, அது மாதிரியா?" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாமி காதுல அப்பவே விழுந்துருச்சுன்னுதானே போட்டிருக்கு. ஏன் இன்னும் நம்ம கைக்கு வரல?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. யாருக்கும் தெரிந்ததாகவும் தோன்றவில்லை. ஆனால் கேள்வி சரியான இடத்தில் வந்து நின்றது. கேட்கப்பட்டுவிட்டது என்று முதலில் சொல்லி, அப்புறம்தான் காத்திருக்கச் சொல்கிறது வேதம். காதில் விழாதவனைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பதும், காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்து காத்திருப்பதும் எப்படி ஒன்றாகும்? விசுவாசம் என்று நான் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். தலைப்பும் இடைவெளியும் போட்டு நாலாம் வசனத்தைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது முதலாவது.

பின்னால் இருக்கும் பொருள் அட்டவணையிலும் இதே கோளாறு. பொறுமை என்ற தலைப்பின் கீழே சங்கீதம் 40-ன் முதல் வசனம் இருக்கிறது, கர்த்தருக்காகப் பொறுமையுடன் காத்திருந்தேன் என்று தாவீது சொல்வது. அதே சங்கீதத்தின் கடைசி வசனம், பதினேழாவது, பட்டியலில் இல்லை. அங்கே அதே தாவீது, என் தேவனே தாமதியாதேயும் என்கிறார். காத்திருந்தேன் என்று தொடங்கிய வாய்தான் சீக்கிரம் வாரும் என்று முடிக்கிறது. சங்கீதம் 13 பட்டியலிலேயே கிடையாது. ஆறே வசனம் உள்ள பாட்டில் எதுவரைக்கும் என்று நாலு தடவை கேட்கிறது, அதனாலோ என்னவோ. யோபுவையும் போட்டிருக்கிறார்கள், முதல் அதிகாரத்தை மட்டும். பொறுமைக்குப் பேர்போன அந்த மனிதர் மூன்றாம் அதிகாரத்திலேயே தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். 42 அதிகாரத்தில் பெரும்பகுதி வாக்குவாதம். கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொள்வது யோபுவின் பேச்சைக் கண்டித்துப் புத்தி சொன்ன நண்பர்கள்மேல்.

அட்டவணையை யார் தொகுத்தார்கள் என்று போடவில்லை. நல்ல மனதோடுதான் செய்திருப்பார்கள். இருந்தாலும் எங்கள் கூட்டத்துக்கு நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: அட்டவணை காட்டும் வசனத்துக்குப் போனால் அந்த அதிகாரத்தை முழுக்க வாசிக்க வேண்டும். பெரிய எழுத்து இதற்கு ஒத்தாசை. பொடி எழுத்தில் ஒரு வசனத்தோடு கண் சலித்துவிடும். இதில் இரண்டு அதிகாரம் ஓடுகிறது.

இந்த இடத்தில் வாக்குத்தத்த அட்டைகளை (ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம் அச்சிட்டவை) பற்றியும் ஒரு வார்த்தை. வருடப் பிறப்பு ஆராதனையில் ஆளுக்கு ஒன்று எடுப்போம். எரேமியா 29-ன் பதினோராம் வசனம் எப்போதும் நாலைந்து பேருக்காவது வரும், சமாதானத்துக்கான நினைவுகள்தான் உங்கள்மேல் எனக்கு உண்டு என்ற அந்த வாக்கு. எடுத்தவர்களுக்குச் சந்தோஷம் தாங்காது. எடுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நானும் எடுக்கிறேன். வீட்டுக்கு வந்து மேல் வசனத்தையும் பாருங்கள்: பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகு என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. அந்தக் கடிதம் கையில் கிடைத்தபோது பெரியவர்களாக இருந்தவர்களில் அநேகர் திரும்பிப் போகவே இல்லை. அவர்களுக்கு அதே கடிதம் சொன்ன வேலை ஐந்தாம் வசனத்தில் இருக்கிறது: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள். லயத்துக் காம்பராவில் இருந்துகொண்டு ஏழு பேர்ச் காணிக்கு (சின்ன வீடு கட்டும் அளவு நிலம்) எழுதிக் கொடுத்துவிட்டு இருக்கும் எங்களுக்கு இந்த ஐந்தாம் வசனம் எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். அட்டை அடிப்பவர்கள் யாராவது அதையும் அடிக்கலாம்.

குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். இந்தப் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஓரத்து ஒத்தவாக்கியங்கள். தலைப்புகள் பிரித்ததை இவை சேர்த்துவைக்கின்றன. ஆபிரகாம் ஆரானைவிட்டுப் புறப்படும் ஆதியாகமம் 12-ல் தொடங்கி ஓரக் குறிப்பைப் பிடித்துக்கொண்டே போனேன். புறப்படும்போது வயது 75. இஸ்மவேல் பிறக்கும்போது 86. ஈசாக்கு பிறக்கும்போது 100. சந்ததி உண்டாகும் என்ற வாக்குக்கும் பிள்ளைக்கும் நடுவில் 25 வருஷம். அந்த 25 வருஷத்தில் ஆபிரகாம் விழுந்து சிரித்தார், மனைவி சாராள் கூடாரத்துக்குள் சிரித்தாள், வேலைக்காரி ஆகார் மூலம் பிள்ளை பெறும் விஷயத்தில் அவசரப்பட்டு ஒரு குடும்பத்தையே கலக்கினார்கள். விசுவாசிகளின் தகப்பன் என்று பெயர் எடுத்தவருடைய கதை இது. இத்தனை மணிக்குள் அற்புதம், இத்தனை நாளுக்குள் விடுதலை என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிப் போகிறவர்கள் எங்கள் டிவிசனுக்கும் வருகிறார்கள். அவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. 12, 16, 21 என்று மூன்று அதிகாரத்தையும் அடுத்த புதன்கிழமை வாசித்துவிடுவேன்.

யோசேப்பின் கதையிலும் அப்படித்தான். பதினேழு வயதில் கனவு, முப்பது வயதில் பார்வோனுக்கு முன் நின்றார். நடுவில் சிறை. அங்கே அவர் சும்மா இருக்கவில்லை. விடுதலையாகப் போகிற பார்வோனின் பானபாத்திரக்காரனிடம், என்னை நினைத்துப் பார்வோனிடம் சொல்லு, நான் இங்கே அடைபடும்படி ஒன்றும் செய்யவில்லை என்று கேட்டார். அவன் மறந்தான், இன்னும் இரண்டு வருஷம் போனது. ஒரு ஆளிடம் மனுக் கொடுத்ததால் யோசேப்புக்குத் தேவன்மேல் நம்பிக்கை இல்லை என்று எந்த வசனமும் சொல்லவில்லை. எங்கள் காணிக் கடிதத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். காலையில் ஜெபித்துவிட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போகிறேன். வாங்க, அடுத்த மாசம் பார்ப்போம் என்கிறார்கள். அடுத்த மாதமும் போவேன். வழியில் யோசேப்பை நினைத்துக்கொள்வேன். சில நாள் மனம் அமைதியாக இருக்கும். சில நாள் சங்கீதம் 13 மாதிரிதான் வருகிறது, அதையும் ஜெபத்தில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

எல்லாக் காத்திருப்புக்கும் முடிவு கிடைத்துவிடுவதில்லை என்பதற்கும் வேதத்தில் இடம் உண்டு. ஆபகூக் தீர்க்கதரிசி தன் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் அத்திமரம் துளிர்க்காமல், வயல் விளையாமல், தொழுவத்தில் மாடில்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். புருஷனை இழந்த ஒரு தங்கச்சி கூட்டத்தில் இதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வாள். ஆபகூக் தொடங்குவதும் எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்ற புகாரில்தான். மூன்றே அதிகாரம், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். இந்தப் பதிப்பில் அது நாலு பக்கத்துக்குள் அடங்குகிறது. தலைப்புகள் இங்கே அளவாக இருக்கின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை.

மற்றவை: வரைபடங்கள் கலரில் உண்டு, ஊர்ப் பெயர்கள் மட்டும் பொடி எழுத்து, பெரிய எழுத்துப் பதிப்புக்கு இது பொருத்தமில்லை. பக்கம் அடையாளம் வைக்கும் நாடா ஒன்றுதான், இரண்டு வேண்டும். எடை அதிகம். மடியில் வைத்து வாசிக்கலாம், நின்றுகொண்டு கையில் பிடித்து வாசித்தால் பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு வலிக்கும். மலை ஏறி லயத்துக்கு லயம் போகிறவர்கள் தோள்பை ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், மழைக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையும் வேண்டும்.

கண் நன்றாகத் தெரிகிற இளம் ஆட்களுக்கு இத்தனை காசு கொடுத்து வாங்கச் சொல்ல மாட்டேன், போனிலேயே இலவசமாக வாசிக்கலாம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் கூட்டத்தில் சத்தமாக வாசிப்பவர்களுக்கும் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். கடையில் தலைப்பே இல்லாத பெரிய எழுத்துப் பதிப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் இதையே வாங்கி, யாக்கோபு 5-ல் அந்த இடைவெளியைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து இணைத்துவிடுங்கள். பேனா வேண்டாம், காகிதம் மெல்லிசு, மை அடுத்த பக்கம் ஊறும்.